தென்காசி தந்த சூஃபி ஞானி

சூஃபி என்றவுடன் பாக்தாத், அஜ்மீர் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் தென்காசியிலும் ஒரு பெரிய சூஃபி பிறந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் பீர் முகம்மது அப்பா!

முதலில், சூஃபித்துவம் என்றால் என்ன? அரபியில் 'ஸூஃப்' என்றால் கம்பளி. ஆரம்பகாலத் துறவிகள் முரட்டுக் கம்பளி உடுத்தியதால் இப்பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஹஸன் பஸரீயும் ராபியாவும் இதன் முன்னோடிகள். நரக பயமோ சொர்க்க ஆசையோ இல்லாமல் இறைவனை இறைவனுக்காகவே நேசிக்க வேண்டும் என்பது ராபியாவின் வழி.

பிறகு குரு சீடர் முறையில் 'தரீக்கா'க்கள் உருவாயின. 1166ல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் அமைந்த காதிரிய்யா தமிழகத்திலும் வேரூன்றியது. தென்காசிப் பக்கம் பொட்டல்புதூரில் அவர் பெயரில் இருக்கும் தர்காவுக்கு இந்துக்களும் நேர்ச்சை செலுத்த வருகிறார்கள்.

சூஃபிகளின் முக்கியப் பயிற்சிகள் இரண்டு. ஒன்று திக்ரு, அதாவது இறைநாமத்தைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்தல். மற்றொன்று முராக்கபா என்னும் தியானம். ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என்று நான்கு படிகள். சட்டத்தில் தொடங்கி, இறைவனை அறியும் மெய்ஞ்ஞானத்தில் முடியும் பயணம் இது.

பீர் முகம்மது அப்பா இந்த ஞானத்தைத் தமிழில் பாடினார். கேரளத்தின் பீர்மேடு அவர் தங்கியதால் பெற்ற பெயர் என்பார்கள். பிறகு தக்கலையில் நெசவு செய்து வாழ்ந்தார். தறியில் உழைத்துக்கொண்டே ஞானத்தைத் தேடியவர் அவர்.

அவர் எழுதியவற்றில் ஒன்று 'ஞானரத்தினக் குறவஞ்சி'. குறவஞ்சி என்றால் நமக்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிதானே நினைவுக்கு வரும்? அங்கே மலைவளமும் காதலும் பேசும் அதே வடிவம், இங்கே சிங்கன் சிங்கி உரையாடலாக மெய்ஞ்ஞானம் பேசுகிறது. பாக்தாதிலிருந்து வந்த தத்துவம் இந்த மண்ணின் உடையை உடுத்திக்கொண்டது.

தர்கா வழிபாடு ஏகத்துவத்துக்கு முரண் என்ற விமர்சனம் முஸ்லிம்களுக்குள்ளேயே உண்டு. 1980களுக்குப் பின் தமிழகத்தில் அது வலுத்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், இந்தத் தமிழை இழக்க வேண்டியதில்லை. தக்கலையில் ரஜப் மாத ஆண்டுவிழாவில், 600க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை மக்கள் கூடி இரவு முழுக்கப் பாடுகிறார்கள். அலமாரியில் தூங்கும் இலக்கியங்கள் எத்தனையோ! இது மட்டும் நெசவாளர் ஒருவர் பாடி, மக்கள் வாயில் இன்னும் வாழ்கிறது.