பட்டியலில் ஏறிய உயிர்கள்

மௌரிய மன்னர் அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வெட்டுவித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கிளி, மைனா, புறா, வௌவால், ராணி எறும்பு, ஆமை, முள்ளில்லாத மீன், முள்ளம்பன்றி, அணில் என்று நீளும் அது, மக்களுக்குப் பயன்படாத, உண்ணவும்படாத நாற்கால் விலங்குகள் அனைத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சினையாக இருக்கும் ஆட்டையும் பன்றியையும், பால் கொடுக்கும் நிலையில் உள்ளவற்றையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லக் கூடாது. சேவலுக்குக் காயடிக்கக் கூடாது. உயிர்கள் இருக்கும் உமியைக் கொளுத்தக் கூடாது. குறிப்பிட்ட நாட்களில் மீன் பிடிக்கவோ விற்கவோ கூடாது. வேறு சில நாட்களில் காளைக்குக் காயடிப்பதும், குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடுவதும் விலக்கப்பட்டன.

இந்தப் பட்டியலில் பசுவுக்குத் தனி இடம் இல்லை. பயன்படாத விலங்குக்கு முழுக் காப்பு; பயன்படும் விலங்குக்கு நாள் கணக்கில் ஓய்வு. அரசரின் சொந்தச் சமையலறையே ஒரேயடியாக மாறிவிடவில்லை. முதல் பாறைச் சாசனம் எழுதப்பட்டபோது அங்கே தினமும் இரண்டு மயில்களும் ஒரு மானும் கொல்லப்பட்டன. மான் எல்லா நாளும் இல்லை. இனி அவையும் கொல்லப்படமாட்டா என்று அந்தச் சாசனமே சொல்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் இரண்டாம் பாறைச் சாசனம், எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபரணியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் விலங்கு இரண்டு விதமாகத் தென்படுகிறது. செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனுக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று பெயர் சொல்லியே பொறித்திருக்கிறார்கள். விழுப்புரத்துக்கு அருகே அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் உண்டு. அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஆடுகள் பெயரில்லாமல் எண்ணாகவே வருகின்றன. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வந்துவிடும் என்பதால் அந்த மந்தைக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். எந்த ஆடு செத்தாலும் மந்தை சாகாது, கணக்கு அப்படி. கூடவே நின்ற நாய்க்குப் பெயரும் கல்லும் கிடைத்தன, நெய் தந்த ஆட்டுக்குத் தொகை கிடைத்தது. பிற்காலச் சட்டங்களிலும் இந்த வேறுபாடு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

இன்றைய இந்தியச் சட்டத்தின் நேரடி மூதாதை லண்டனில் பிறந்தது. 1822-இல் கால்வே தொகுதி உறுப்பினர் ரிச்சர்ட் மார்ட்டின் கொண்டுவந்த சட்டம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பசு, எருது, செம்மறி ஆடு ஆகியவற்றை வதைப்பதைக் குற்றமாக்கியது. நாயும் பூனையும் அதில் இல்லை. காளை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று நீதிமன்றங்கள் கூறிவிட்டதால், கட்டிப்போட்ட காளைமீது நாய்களை ஏவும் விளையாட்டு 1835 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டுச் சட்டம் காளையையும் நாயையும் சேர்த்தது. சேவல் சண்டையையும் கரடிமீது நாய் ஏவுவதையும் தடுத்தது. நிலப்பிரபுக்களின் நரிவேட்டை தொடப்படவே இல்லை. இங்கிலாந்தில் அதற்குத் தடை வர 2004 ஆயிற்று. அபராதம் கட்டியவர்களில் பெரும்பாலோர் வண்டிக்காரரும் சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்களும்தான். 1824-இல் லண்டன் காபிக்கடை ஒன்றில் கூடி உருவான விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தொடக்ககாலச் செயலாளர்களில் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற யூதர் ஒருவர். இறைச்சி உண்ணாதவர், குதிரை வண்டியில் ஏறவும் மறுத்தவர். சங்கம் தன்னைக் கிறித்தவ அமைப்பு என்று அறிவித்துக்கொண்டதும் அவர் வெளியேற நேர்ந்தது. விலங்குகளுக்குள் வேற்றுமை பார்க்காத ஒருவரால் அங்கே நீடிக்க முடியவில்லை.

இந்தியாவில் முதலில் வந்தது விலைக்கணக்கு. 1860-இன் தண்டனைச் சட்டம் விலங்கைக் கொல்வதையும் ஊனமாக்குவதையும் சொத்துக்குச் செய்யும் சேதமாகவே பார்த்தது. 428-ஆம் பிரிவின்படி விலங்கு 10 ரூபாயாவது பெற வேண்டும். 429-ஆம் பிரிவு யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, காளை, பசு, எருது ஆகியவற்றுக்கு விலை பார்க்கவில்லை. மற்ற விலங்கானால் 50 ரூபாய் மதிப்பு வேண்டும், தண்டனை ஐந்தாண்டு வரை. உரிமையாளர் இல்லாத தெருநாய்க்கு என்ன விலை என்ற கேள்வி ஒன்றரை நூற்றாண்டு வழக்கறிஞர்களின் வாதப் பொருளாக இருந்தது.

வதையை வதை என்றே பார்த்த அகில இந்தியச் சட்டம் 1890-இல் வந்தது. அதற்கு முன்பே, 1861-இல், கல்கத்தாவில் கோல்ஸ்வொர்த்தி கிரான்ட் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1890 சட்டம் வளர்ப்பு விலங்குகளையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளையும் மட்டும் கணக்கில் எடுத்தது. மதச் சடங்கின்படி கொல்வதற்கு அதில் விலக்கு இருந்தது. அது பெயர் சொல்லித் தடுத்த கொடுமைகளுள் ஒன்று ‘பூக்கா’. கன்று இல்லாத பசு பாலைச் சுரக்க வேண்டும் என்பதற்காக அதன் பிறப்புறுப்பில் குழாய் வைத்துக் காற்றை ஊதுவார்கள். கல்கத்தாப் பால்காரர்களிடம் வழக்கில் இருந்த முறை. இதைப் படித்தறிந்ததும் காந்தி 1912-இல் பால் குடிப்பதை விட்டார். 1919 வாக்கில் நோயில் படுத்தபோது, சபதம் செய்தது பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே என்று கஸ்தூரிபா எடுத்துக்காட்ட, ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். சபதத்தின் உயிர் போய் உடல் மட்டும் மிஞ்சியது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

லண்டனைப் போலவே இங்கும் சட்டம் முதலில் பிடித்தது வண்டிக்காரரைத்தான். 1930 ஏப்ரலில், வெயில் உச்சியில் எருமை பூட்டிய பாரவண்டி ஓட்டக் கூடாது என்ற உத்தரவை எதிர்த்துக் கல்கத்தா வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வண்டிகளால் தெருக்களை அடைத்தார்கள், போலீஸ் சுட்டது. எருமைக்கு நிழல் வேண்டும் என்பது நியாயம். அந்த மூன்று நான்கு மணி நேரக் கூலியை யார் தருவார் என்பதற்கு உத்தரவில் பதில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சட்டத்தைப் புதுப்பிக்க முனைந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டே தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்து ஆராய்ந்து, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கியது. பின்னரே அரியானாவுக்குப் போனது.

1960 சட்டத்தின் பரப்பு பெரியது. மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் அதன்படி விலங்குதான்: கொசுவும் கெண்டையும்கூட. பட்டியல் போடும் பழக்கம் அத்துடன் ஒழிந்ததுபோலத் தோன்றும். ஆனால் 11-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுக்குப் போனால் அது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருப்பது தெரியும். விதிப்படி கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு கோப்பது வதையல்ல. தெருநாய்களை நச்சுக்கூடத்தில் வைத்துக் கொல்வது வதையல்ல. உணவுக்காகக் கொல்வதும், தேவையற்ற வலி சேராதவரை, வதையல்ல. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குத் தனி அத்தியாயம். மதச் சடங்குக்கு 28-ஆம் பிரிவு. அசோகர் சில நாட்களுக்கு மட்டும் தடுத்த காளைக் காயடிப்பும் சூடும் இங்கே எல்லா நாளும் அனுமதி பெற்றன. அனுமனைக் கும்பிடும் நாட்டிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்குக் குரங்குகள் கப்பலேறியதும் இந்தச் சட்டம் வந்தபின் நிற்கவில்லை. 1978-இல்தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

சட்டத்தைவிட அதன் விதிகளில்தான் விலங்கு கண்ணுக்குத் தெரிகிறது. 1965-இன் பாரவிலங்கு விதிகளின்படி கழுதையின் முதுகில் 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, ஒட்டகத்துக்கு 250. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை நுகத்தில் பூட்டவே கூடாது. முள் வைத்த தார்க்குச்சிக்கும் தடை. சித்திரை வெயிலில் செங்கல்லும் மணலும் ஏற்றிப் போன மாட்டுவண்டிகளைப் பார்த்த எவருக்கும் இந்த விதிக்கும் சாலைக்கும் இருந்த தூரம் தெரியும். 2001-இன் இறைச்சிக்கூட விதிகள் சினைவிலங்கையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி உள்ள தாயையும், அந்த வயதை எட்டாத குட்டியையும் அறுக்கக் கூடாது என்கின்றன. அசோகர் ஆறு மாதம் கொடுத்திருந்தார்.

நாயின் கதை சென்னையில் வேறு திசைக்குத் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. எத்தனை கொன்றாலும் தெருவில் நாய் குறையவில்லை. காலியான இடத்துக்கு வேறு நாய் வந்தது. கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடலாம் என்று புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் சொல்லிவந்தது. மாநகராட்சி அதற்கு இணங்க 1996 ஆயிற்று. அதே முறை 2001-இல் மத்திய அரசின் விதியாகி நாடு முழுக்கப் பரவியது. நாய்க்கடிக்கு ஆளாகும் குழந்தைகளும் முதியவர்களும் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், இரண்டு வாரத்துக்குள் வேறொரு அமர்வு அதைத் தளர்த்தியதும் இந்தப் பூசல் முடியவில்லை என்பதையே காட்டின.

காட்டு விலங்குகளின் பட்டியல் இன்னும் வெளிப்படையானது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை அட்டவணைகளாக வகுத்தது. முதல் அட்டவணையில் புலி. ஐந்தாவதில் கொல்லத்தக்க தொல்லை உயிர்களாகக் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால். அசோகரின் பாடலிபுத்திரத்தில் காப்புப் பெற்ற வௌவால் டெல்லியில் அதை இழந்தது. வௌவால் தொங்கும் மரத்துக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத தமிழ்நாட்டு ஊர்கள் இந்த அட்டவணையைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. 2022 திருத்தத்தில் ஐந்தாம் அட்டவணையே நீங்கியது. முதல் அட்டவணையில் இல்லாத விலங்குகளைத் தொல்லை விலங்கு என்று அறிவிக்கும் அதிகாரம் மட்டும் மத்திய அரசிடம் இருக்கிறது.

வழிபாடும் விழாவும் குறுக்கிட்ட இடங்களில் சட்டம் முன்னும் பின்னும் போனது. கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1950-இலேயே வந்தும் பெரும்பாலும் ஏட்டில் தூங்கியது. 2003-இல் தமிழக அரசு அதை அமல்படுத்த முனைந்தபோது கிராமக் கோயில்களில் எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் சட்டமே ரத்தானது. கசாப்புக்கடையில் குற்றமாகாத வெட்டு அய்யனார் முன்னால் மட்டும் ஏன் குற்றமாகிறது என்ற கேள்விக்கு அமல்படுத்தியவர்களிடம் பதில் இருக்கவில்லை. வேடிக்கை காட்டப் பழக்கக் கூடாத கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றின் வரிசையில் 2011-இல் மத்திய அரசு காளையையும் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டத்துக்குப் பின் தமிழ்நாடு 1960 சட்டத்தைத் தன் எல்லைக்கு மட்டும் திருத்திக்கொண்டது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. காளையின் வலி, நாட்டு மாட்டினத்தின் பிழைப்பு, ஊரின் உரிமை மூன்றும் அந்த வழக்கில் பேசப்பட்டன. அடிமாடாக லாரியில் கேரளத்துக்குப் போகும் மாட்டைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசவில்லை.

பண்ணை விலங்குகளில் எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் விஞ்சுவது கோழி. அசையப் போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960 சட்டத்தின்படியே குற்றம். ஆனாலும் நாமக்கல் போன்ற முட்டை வட்டாரங்களில் வரிசை வரிசையான கம்பிக்கூண்டுதான் முறை. அதில் ஒரு கோழிக்கு ஏ4 தாளின் அளவுகூட இடம் கிடைப்பதில்லை. இறக்கை விரிக்க முடியாது. சரிந்த தரையில் முட்டை உருண்டு வெளியே வந்துவிடும். சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையில் இந்தக் கூண்டுகளைப் பற்றியும் எழுதியது.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, 10 ரூபாய் 50 ரூபாய்க் கணக்கை நீக்கி, எந்த விலங்கைக் கொன்றாலும் ஊனமாக்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை என்றது. 1960 சட்டத்தில் வதைக்கான முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் என்று எழுதப்பட்டது அப்படியே இருக்கிறது.