தறிக்குக் கட்டிய பூளைப்பூ

சோமனூரில் நெய்கிற காடாத் துணியில் சாயம் கிடையாது, பூ வேலையும் கிடையாது. வெளுப்பதும் அச்சடிப்பதும் வேறு ஊர்களில். ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் தருவார். நாங்கள் ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். தறி எங்களுடையது, கரண்டுச் செலவும் எங்களுடையது. துணி மட்டும் எங்களுடையதல்ல.

கிணறு வற்றிய தோட்டத்தில், சாளை வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்து நாலு தறி போட்டவர் என் மாமனார். வெள்ளாமை ஏமாற்றினாலும் தறி சோறு போடும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. நம்பிக்கைக்குப் பிடிமானம் கூலி ஒப்பந்தம். 2014-க்குப் பிறகு பல ஆண்டுகள் அது புதுப்பிக்கப்படவே இல்லை. பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., ஊரடங்கு எல்லாவற்றையும் பழைய கூலியிலேயே கடந்தோம். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள், கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்றன.

நாலு நாள் கழித்து, பொங்கலுக்கு முந்தின நாள், வாசலில் பூக்கொத்து கட்டுகிற காப்புக்கட்டு. என் கம்மல் அடகில் இருந்தது. “இந்த வருசம் தறிக் குடோனுக்கு வேண்டாமுங்க அத்தை” என்றேன்.

“தறி என்ன சாமி பண்ணுச்சு? அதுக்கும் கட்டு” என்றார் அத்தை.

பூளைப்பூவும் ஆவாரம்பூவும் காட்டோரத்தில் சும்மா கிடைக்கும். வேப்பிலைக்கு வாசல் மரம். மூன்றையும் கொத்தாகச் சேர்த்து ஒவ்வொரு தறிக்கும் கட்டினோம். கட்டுமுன் சட்டத்தில் படிந்திருந்த பஞ்சைத் துடைத்தார் அத்தை. பாதி நெய்து நின்ற துணிமேல் மாமனாரின் பழைய வேட்டியை விரித்தார். அழுக்குப் பட்டால் கூலியில் பிடிப்பார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அறுந்த இழையை அவர் முடிந்தால் விரலால் தடவினாலும் முடிச்சு தட்டுப்படாது. அப்படி நெய்த துணியில் தூசி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. பொங்கலையொட்டி வரும் பூப்பறிக்கிற நோன்பன்று எங்கள் வீதிப் பெண்கள் எப்போதும்போல் கும்மியடித்தார்கள். வறுமையை மறக்க ஆடினார்கள் என்று யாராவது எழுதினால் ஒப்பமாட்டேன். நோம்பி வந்தது, ஆடினார்கள்.

இழுபறிக்குப் பிறகு 23 சதவீதம் 19 ஆனது. அதுவும் நிலைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தறிகளை இரும்பு விலைக்கு எடை போட்டு விற்றுவிட்டார். 2025 மார்ச்சில் மறுபடி நிறுத்தினோம். ஒரு மாதத்துக்கு மேல் நின்று 15 சதவீதம் வாங்கினோம். அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வோடு சேர்த்து நாங்கள் கேட்டது சட்டப் பாதுகாப்பு: பேசிய கூலியைக் கொடுக்காதவரை அதிகாரி கூப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு சட்டம் வேண்டும்.