டம்டம் ஓடுபாதையும் அக்கம்பக்கமும்

கொல்கத்தாவின் விமான நிலையம் நகரின் வடகிழக்கு ஓரத்தில், டம்டம் பகுதியில் இருக்கிறது. தெற்கே காளிகாட் கோயிலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 15 கிலோமீட்டருக்கும் கூடுதல் தொலைவு. 1924இல் தொடங்கப்பட்ட அந்த இறங்குதளத்துக்கு இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்துபோகிறார்கள். வடக்கே மத்யம்கிராம், நியூ பராக்பூர். மேற்கே டம்டம் நகராட்சிகள். தெற்கே கைகாலி, பாகுயாட்டி, ராஜர்ஹாட் என்று மூன்று பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இந்த நெருக்கம் உண்டான விதத்தை அறிந்தால்தான் அங்குள்ள இரைச்சலையும் புகையையும் புரிந்துகொள்ள முடியும்.

பீரங்கியும் முதல் விமானங்களும்

டம்டம் விமானம் வருவதற்கு முன்பே ஓசைக்குப் பழகிய ஊர். 1783 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்கப் பீரங்கிப் படைக்கு அது பாசறையாக இருந்தது. பின்னாளில் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்தது. உடலுக்குள் விரிந்து சிதைக்கும் ‘டம்டம் தோட்டா’ 1890களில் அங்கே உருவானது. பாசறையை விட்டால் சுற்றிலும் சிற்றூர்களும் வயல்களும் சதுப்பும்தான். நிலையத்தின் எல்லைக்குள், துணை ஓடுபாதையின் வடமுனை அருகே, பழைய மசூதி ஒன்று இன்றும் இருக்கிறது. நிலையம் விரிந்தபோது அதைச் சூழ்ந்திருந்த ஊர் மறைந்தது. மசூதி மட்டும் மதிலுக்கு உள்ளே நின்றுவிட்டது.

1924இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, முதன்முறையாகப் பறந்த கே.எல்.எம். விமானம் கல்கத்தாவில் இறங்கிச் சென்றது. 1929இல் வங்க ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் அங்கே பறக்கும் கழகத்தைத் தொடங்கிவைத்தார். 1930வாக்கில் தளம் ஆண்டு முழுவதும் பயன்படும்படி சீராக்கப்பட்டது. 1933இல் இம்பீரியல் ஏர்வேஸின் லண்டன் தடம் கராச்சியிலிருந்து கல்கத்தா வரை நீண்டது. நாளுக்குச் சில விமானங்களே வந்த அக்காலத்தில் ஊரார்க்கு அவை வேடிக்கைப் பொருள்.

இரண்டாம் உலகப் போர் அந்த நிலையை மாற்றியது. 1942 முதல் அமெரிக்க ராணுவ விமானங்கள் டம்டமைப் பயன்படுத்தின. நான்கு எஞ்சின் கொண்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் இரவும் பகலும் எழும்பின. அவை எரித்தது ஈயம் கலந்த பெட்ரோல். போர்க்காலத்தில் இரைச்சலைப் பற்றிய முறையீட்டுக்கு இடமே இல்லை.

அகதிகளும் ஜெட்டுகளும்

1947க்குப் பின் டம்டமில் இரண்டு வரவுகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். அந்தத் திசையிலிருந்து கல்கத்தாவுக்கு வரும் ஜெஸ்ஸூர் சாலை விமான நிலையத்தின் மேற்கு மதிலை ஒட்டியே செல்கிறது. அந்தச் சாலையின் இருபுறமும் குடியிருப்புகள் முளைத்தன. நிலம் மலிவாகவோ ஆளில்லாமலோ கிடைத்த இடத்தில் குடிசை போட்டவர்களுக்கு ஓடுபாதை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பது கவலையாக இல்லை. நாளடைவில் ‘ஒன்றாம் நம்பர் கேட்’, ‘இரண்டரை நம்பர் கேட்’ என்று நிலையத்தின் வாயில்களே பேருந்து நிறுத்தங்களின் பெயராகிவிட்டன.

மற்றொரு வரவு ஜெட் விமானம். 1950களின் தொடக்கத்தில் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானங்கள் லண்டனிலிருந்து கீழை நாடுகளுக்குச் செல்லும் வழியில் டம்டமில் இறங்கின. 1953 மே 2 அன்று அங்கிருந்து கிளம்பிய காமெட் ஒன்று சில நிமிடங்களில் புயலில் சிக்கி ஹூக்ளி மாவட்டத்தில் விழுந்தது. 43 பேர் இறந்தனர். 1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ், நாட்டின் முதல் உள்நாட்டு ஜெட் சேவையைக் கல்கத்தா–டெல்லி தடத்தில் காரவெல் விமானத்தைக் கொண்டு தொடங்கியது.

முதல் தலைமுறை ஜெட் எஞ்சின்கள் வெப்பக்காற்றை மிகுந்த வேகத்தில் பின்னால் உமிழ்ந்தன. அந்தக் காற்று வெளிக்காற்றோடு மோதிக் கலப்பதில்தான் காதைப் பிளக்கும் ஓசை பிறந்தது. எரிபொருள் முழுமையாக எரியாததால் கரும்புகை கோடாகத் தொடர்ந்தது. உலக அளவில் முறையீடுகள் பெருகியதைத் தொடர்ந்து, 1971இல் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமான இரைச்சலுக்கான முதல் தர விதிகளை ஏற்றது. காற்றின் பெரும்பகுதியை எஞ்சினின் மையத்தைச் சுற்றி மெதுவாகச் செலுத்தும் டர்போஃபேன்கள் வந்தபின் ஒவ்வொரு விமானத்தின் ஓசையும் வெகுவாகக் குறைந்தது.

அமைதி தந்த ஏமாற்றம்

1970களில் டம்டமில் போக்குவரத்து மங்கியது. நீண்ட தூரம் பறக்கும் புதிய விமானங்களுக்கு எரிபொருளுக்காகக் கல்கத்தாவில் இறங்கும் தேவை இல்லை. நக்சல் காலக் கொந்தளிப்பும் தொழில் சரிவும் சேர்ந்துகொள்ள, பல வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த நிறுத்தத்தைக் கைவிட்டன. நகரமோ அந்தத் திசையில்தான் வளர்ந்தது. 1962இல் தொடங்கிச் சதுப்பைத் தூர்த்து உருவாக்கிய சால்ட் லேக், விஐபி சாலையோரத்து லேக் டவுன், பாகுயாட்டி, 1990களின் இறுதியில் திட்டமிடப்பட்ட ராஜர்ஹாட் நியூ டவுன் எல்லாம் நிலையத்தை நோக்கியே நகர்ந்தன. வானம் ஓரளவு அமைதியாக இருந்த ஆண்டுகளில் வீடு வாங்கியவர்கள் பலர்.

1994இல் உள்நாட்டு வான்வழியில் அரசின் ஏகபோகம் சட்டப்படி முடிந்தது. 2003க்குப் பின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் பெருகின. 2013 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி புதிய ஒருங்கிணைந்த முனையத்தைத் திறந்துவைத்தார். 2018–19இல் ஆண்டுக்கான இறக்கமும் ஏற்றமும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. தனி விமானத்தின் ஓசை குறைந்தாலும் எண்ணிக்கை பெருகியதால் ஓய்வு குறைந்தது. வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் செல்லும் சேவைகள் பல நள்ளிரவை ஒட்டி அமைந்ததால் தூக்கமும் அதில் சேர்ந்தது.

யாருக்கு எப்போது இரைச்சல் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. ஓடுபாதைகள் இரண்டும் வடக்குத் தெற்காக இணையாக அமைந்தவை. விமானங்கள் எதிர்காற்றில் இறங்கி ஏறும். குளிர்காலத்தில் வாடை வீசும்போது தெற்கிலிருந்து, ராஜர்ஹாட் பக்கக் கூரைகளின் மேலாக இறங்குகின்றன. கோடையிலும் பருவமழையிலும் தென்காற்று வீசும்போது மத்யம்கிராம் பக்கமிருந்து இறங்குகின்றன. புகையும் அதே காற்றோடு போகிறது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்குவதால் எஞ்சின், விஐபி சாலை வண்டிகள், குப்பை எரிப்பு எல்லாவற்றின் மாசும் கலந்து அங்கேயே நிற்கும். இவற்றில் விமானத்தின் பங்கைத் தனியே பிரிப்பது கடினம். ஆனால் அது அற்பம் என்று தள்ளவும் முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் காற்றுத்திசையில் நடந்த ஆய்வு, மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை 10 கிலோமீட்டர் தொலைவிலும் இயல்பைப் போல நான்கு மடங்கு இருந்ததை 2014இல் காட்டியது. இரவு விமான ஓசை கூடக்கூட உயர் ரத்த அழுத்தமும் கூடுவதை ஆறு ஐரோப்பிய விமான நிலையங்களைச் சுற்றி நடந்த ஆய்வு 2008இல் கண்டது. குழந்தைகளின் வாசிப்புத் திறன் பின்தங்குவதையும் ஐரோப்பிய ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

சட்டம் காத்தது யாரை?

1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நியாயமான உயரத்தில் விமானம் பறந்தது என்பதை மட்டும் காரணமாக்கி, அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ யாரும் உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்றது. 1937ஆம் ஆண்டு விதிகளில் இடம்பெற்ற 91ஆம் விதி, நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கால்நடைகளை அறுப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடுக்கிறது. கட்டடங்களின் உயரத்துக்கும் வரம்பு வந்தது. 2021 துர்கா பூஜையில் லேக் டவுன் ஸ்ரீபூமி பந்தல், துபாயின் புர்ஜ் கலீஃபா வடிவில் எழுந்தபோது அதன் லேசர் ஒளி கண்ணைக் கூசச்செய்வதாக விமானிகள் முறையிட்டார்கள், ஒளிக்காட்சி நிறுத்தப்பட்டது. அக்கம்பக்கத்தால் விமானத்துக்குத் தொல்லை என்றால் தீர்வு சில நாட்களில் கிடைத்தது.

எதிர்த்திசையில் அந்த விரைவு இல்லை. ஓசைக்கு எதிரான சட்டப் போராட்டத்தில் கல்கத்தா முன்னோடி நகரம் என்பதால் இது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி, கேட்க விரும்பாதவரை ஒலிபெருக்கிக்குக் கட்டாயச் செவியராக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2000இல் வந்த மத்திய விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. விமான நிலைய வட்டாரத்துக்கென்று தனி வரம்பு வந்ததோ 2018 ஜூனில்தான். அதன்படி போக்குவரத்து மிகுந்த நிலையங்களைச் சுற்றி வரையறுக்கப்பட்ட ஓசை வட்டாரத்தில் பகலில் 70, இரவில் 65 டெசிபல் வரை அனுமதி உண்டு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். அப்படிப் பார்த்தால் இரவில் அனுமதிக்கப்பட்ட ஓசை, சாதாரணக் குடியிருப்புக்கு உரியதைப் போல நான்கு மடங்காக உணரப்படும். மேலும் இது சராசரிக் கணக்கு. தலைக்கு மேல் அரை நிமிடம் இடித்துப்போகும் ஓசை, அடுத்துவரும் அமைதியில் கரைந்து தாளில் சிறிதாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் அதே 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்த இரவு வரம்பு 40 டெசிபல்.

டம்டமில் ஊர்மீது நிலையம் வந்து விழவும் இல்லை. நிலையத்தின்மீது ஊர் வந்து விழவும் இல்லை. ஒன்று ஓய்ந்திருந்த காலத்தில் மற்றது வளர்ந்தது. இடையில் இருக்க வேண்டிய நிலப்பயன்பாட்டுத் திட்டம் எந்தக் காலத்திலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பல்லாவரமும் பம்மலும் சூழ்ந்த சென்னை மீனம்பாக்கத்தின் கதையும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. கொல்கத்தாவின் இரண்டாம் விமான நிலையத்துக்கு இடம் தேடினாலும், சென்னைக்காகப் பரந்தூரில் புதிய நிலையத்துக்கு நிலம் எடுத்தாலும், ஓசை எல்லையை முதல் நாளே வரைந்து அதற்குள் வீட்டு மனைக்கு அனுமதி தராமல் இருப்பதே மலிவான தீர்வு. வீடுகள் எழுந்த பிறகு மிஞ்சுவது இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் இரவு நேரக் கட்டுப்பாடும்தான்; இரண்டுக்கும் செலவு அதிகம், பலன் குறைவு.