கூடத்து விளக்கும் எண்ணெய்க்கான வக்ஃபும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே கிண்டி வரை எழுந்துள்ள பெரிய விடுதிகளின் முகப்புக் கூடத்தில் நுழைவோர் கண்ணை முதலில் ஈர்ப்பது, நடுவே தொங்கும் சரவிளக்குதான். அதே பாணி விளக்குகள் இன்று புறநகர்ப் பள்ளிவாசல்களிலும் தொங்குகின்றன. இதனை மேலைநாட்டு மோகம் என்று கண்டிப்போர் உளர். வரலாறு அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்கவில்லை.

பள்ளிவாசல்களில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) என இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. மம்லூக்குகள் காலத்துக் கெய்ரோவில் இக்கலை உச்சம் தொட்டது. 1356இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்கெனச் செய்த கண்ணாடி விளக்குகள் பல, இன்றும் அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. விரிந்த கழுத்து, பருத்த வயிறு, சங்கிலி கோக்கக் காதுகள்; உள்ளே எண்ணெயும் திரியும். கழுத்தைச் சுற்றிப் பெரும்பாலும் சூறத்துந் நூரின் 35ஆம் வசனம். மிஷ்காத் (மாடம்), மிஸ்பாஹ் (விளக்கு), ஸுஜாஜா (கண்ணாடி) என வரும் சொற்களைக் கண்ணாடியின் மீதே எனாமலால் எழுதி, உள்ளிருந்து ஒளியூட்டினர். அவ்வசனத்திற்கு இதனினும் அழகிய தஃப்ஸீரை நாம் கண்டதில்லை.

15ஆம் நூற்றாண்டில் இத்தொழில் நலிந்தது. 1569இல் உதுமானிய வஸீர் சோகுல்லு மெஹ்மத் பாஷா 900 விளக்குகளை வெனிஸிலிருந்து தருவிக்க முயன்றார். 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் புரோக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் மம்லூக் முறையைப் புதுப்பித்துக் காட்டினார். யார் யாரிடம் கடன் பெற்றார்? ஐரோப்பியச் சரவிளக்குகளால் ஒளிர்ந்த ஹைதராபாத்தின் ஃபலக்நுமா அரண்மனையோ 2010 முதல் விடுதியாகவே இயங்குகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விடுதி விளக்கு அண்ணாந்து பார்ப்பதற்காக உயரே தொங்குகிறது. இஸ்தான்புல் சுலைமானிய்யாவில் விளக்கு வளையங்கள் தலைக்குச் சற்று மேலேயே தொங்குகின்றன. நாள்தோறும் எண்ணெய் ஊற்றும் கைக்கு அவை எட்ட வேண்டியிருந்தது. மம்லூக் வக்ஃபு ஆவணங்களிலும் விளக்கெண்ணெய்ச் செலவும் விளக்கேற்றுவோர் ஊதியமும் இடம்பெற்றன. பைத்துல் முகத்தஸுக்குச் செல்ல இயலாதோர் அதன் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்பட்டும் என நபிகள் நாயகம் (ஸல்) கூறியதாக மைமூனா (ரலி) வழியே அபூதாவூதில் வரும் அறிவிப்பும் கருதத்தக்கது. (அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு.) அதிலும் கேட்கப்பட்டது எண்ணெய்தான்.

நம் புறநகர்களில் விளக்கை அன்பளிப்பவர் பலர். அதன் பராமரிப்புக்கென எழுதி வைப்பவரை நாம் காணவில்லை. நாமறிந்த ஒரு பள்ளிவாசலின் சரவிளக்கில் பாதிக்கு மேல் எரிவதில்லை. துடைப்பதற்கும் பல்பு மாற்றுவதற்கும் சாரம் கட்ட வேண்டும்; அந்தச் செலவு எந்தக் கணக்கில் சேரும் என்று நிர்வாகக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை.