அச்செழுத்தும் அதன் நிலைபேறும்

தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தை ஆராய்ந்தாருள் நம் தீவகத்தார் சிறப்பாக நினைக்கற்பாலர் தனிநாயகம் அடிகளார். ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொனிலே 1913ஆம் ஆண்டிற் பிறந்த அவர், ஐரோப்பிய, அமெரிக்க நூல்நிலையங்களில் உறங்கிக்கிடந்த முதலச்சுத் தமிழ் நூல்களைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1679இல் அச்சேறிய அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே.

அப்பழைய நூல்களுள் ஒன்றை இங்கே விசேடமாகக் குறிப்பிடல் வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள சிறு நூல். அதன் இறுதிப் பக்கத்திலே கோவாவில் 1577இல் ஆக்கிய எழுத்தும், கொல்லத்தில் 1578இல் ஆக்கிய எழுத்தும் அச்சிட்டுக் காட்டப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில் இரு வார்ப்புக்கள்! இக்காலத்தார் மென்பொருளுக்குப் 'பதிப்பு எண்' இடுகிறார்களே, அவ்வழக்கத்தின் முன்னோடி இதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அமெரிக்க மிஷனார் 1834இல் மானிப்பாயில் அச்சகம் அமைத்ததையும், 1841இல் 'உதயதாரகை' வெளிவந்ததையும், ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரங் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதையும் அறியாதார் நம்முள் இலர். ஆதலின் அவற்றை விரிக்காது மேற்செல்வோம். ஆனால் ஒன்று நோக்கற்பாலது. நாவலர் பதிப்பித்த நூலை இன்று படிப்பதற்கு நாவலரின் யந்திரமும் வேண்டா, அவர் கையாண்ட ஈய எழுத்தும் வேண்டா. மையேறிய தாள் தன் காலிலே நிற்கிறது. கணினியில் கோத்த பக்கமோ அத்தகையதன்று. திறக்குந்தோறும் அதே எழுத்துருவும் அதற்கேற்ற மென்பொருளும் உடனிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் பக்கம் குலைந்துவிடும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் பரவிய எழுத்துரு பாமினி. அது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தி ஆக்கப்பட்டது. 'தமிழ்' என்று நாம் காண்பதைக் கணினி ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே வைத்திருக்கிறது. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தோன்றுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கும்பலே. 1990ஆம் ஆண்டின் பின் தீவகத்தார் பலர் இடம்பெயர்ந்து கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். அவர்தம் ஊர்ச்சங்க மலர்களும் ஆலயக் கும்பாபிஷேக மலர்களும் இவ்வகை எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டன. ஓர் ஊரின் வாய்மொழி வரலாறு முழுவதும் அக்கோப்புக்களிற் கிடக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவைக் கண்ட சமூகம், நெருப்பே இல்லாமல் நூல்கள் படிக்கவொண்ணாதனவாவதைப் பார்த்திருக்கலாமோ?

1991இல் யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளிக்கப்பட்டது. ஒருமுறை ஓர் எழுத்துக்கு அளித்த இடத்தைப் பின்னர் மாற்றுவதில்லை என்பது அதன் நிலைபேற்று விதிகளுள் ஒன்று. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு அதனை ஏற்றது. ஆயினும் நம் அச்சகங்கள் பேஜ்மேக்கரை விடவில்லை. அதுவோ யூனிகோட்டை அறியாதது, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சியும் நின்றது. அதன் வழித்தோன்றலாகிய இன்டிசைனும் 2012இல் வந்த சி.எஸ். 6 பதிப்பிலேதான் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது. அதற்கு முந்திய பதிப்பில் யூனிகோட் தமிழை இட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்தின் முன்னே செல்லாமல் பின்னே நின்றுவிடும்.

ஆதலின் பிழை கண்டவுடன் கணினியைச் சபிப்பதிற் பயனில்லை. பிழையின் சாயலை நோக்குதல் வேண்டும். ஆங்கில எழுத்துக் கும்பல் தோன்றின், பழைய எழுத்துரு இல்லை என்க. கொம்பு இடம்மாறின், கோக்கும் மென்பொருள் பழையது. வெறுங் கட்டங்கள் தோன்றின், தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. பாமினியை யூனிகோட்டாக மாற்றுங் கருவிகள் உள. ஆனால் கட்டுரையின் நடுவே மெய்யான ஆங்கிலம் இருந்தால் அதனையும் அவை தமிழென்றே எண்ணி மாற்றிவிடும். இலண்டன் முகவரிகள் படும் பாடு நகைப்புக்கிடமானது! மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்க ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும்.

நிலைபேற்றுக்கு உலகம் எடுத்துக்காட்டுவது டொனால்ட் குனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஆக்கிய 'டெக்' ஆகும். தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு மனம் நொந்து, 1977இல் தாமே எழுத்துக்கோக்கும் மென்பொருளை ஆக்கப் புகுந்தார். பிழை கண்டுபிடிப்பார்க்குப் பரிசளித்தார். ஆண்டுதோறும் இரட்டித்த அப்பரிசு 327.68 டாலரில் நின்றது. அதன் பதிப்பு எண் 'பை' என்னுங் கணித எண்ணை அணுகிக்கொண்டே செல்கிறது. 2021இல் 3.141592653 ஆயிற்று. இனிப் புதுமை சேர்ப்பதில்லை, பிழை நீக்குவதே தொழில் என்பது அவர் துணிபு. அதனைச் சூழ்ந்த துணைப்பொதிகள் மட்டும் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மை.

யூனிகோட்டிலும் சிக்கல் அறவே ஒழிந்ததென எண்ணற்க. நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்பாளின் திருநாமத்தையே எடுத்துக்கொள்வோம். 2005இல் 'ஶ' என்னும் எழுத்து யூனிகோட்டிற் சேர்ந்தது. அதன்பின் 'ஸ்ரீ' என்பதை ஸ் + ரீ என்றும் எழுதலாம், ஶ் + ரீ என்றும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். ஒருமுறையில் எழுதிய அம்பாள் நாமத்தை மறுமுறையில் தேடுவார்க்கு 'இல்லை' என்ற விடை கிடைக்கக்கூடும். நம் பழைய மலர்களைக் கணினியில் ஏற்ற முனைந்துள்ள அன்பர்கள், முதற்பக்கத்தைத் தட்டெழுதுமுன் இவ்விரண்டில் எதனைக் கைக்கொள்வது என்று தீர்மானித்து எழுதிவைத்துக்கொள்ளல் நன்று. மூலக்கோப்போடு அதன் எழுத்துருவையும், எழுத்துரு பதித்த பி.டி.எஃப். படியையும், தாளில் அச்சிட்ட இரு பிரதிகளையும் ஒருங்கே பேணுக.