ஃபேரர் பார்க்கில் இறங்கிய விமானம்

சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. 1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ‘விக்கர்ஸ் விமி’ என்னும் ஆகாய விமானம் அத்திடலில் இறங்கியது. ஓட்டி வந்தவர் ராஸ் ஸ்மித். உடன் வந்தோர் அவருடைய தமையனார் கீத் ஸ்மித், இயந்திர வல்லுநர்களான பென்னட், ஷியர்ஸ் ஆகிய மூவர்.

அத்தனை பெரிய விமானத்துக்கு அத்திடல் போதாது. சக்கரங்களுக்குத் தடைக் கருவி இல்லாத காலம் அது. அவ்வேளையில் பென்னட் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிச் சென்று வால் பகுதியை அடைந்தார். அவர் எடையால் வால் தாழ்ந்தது. தரையைத் தொட்ட விமானம் ஏறக்குறைய 100 கஜத்தில் நின்றது.

டிசம்பர் 10இல் அவர்கள் டார்வினை அடைந்தனர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் பறந்து சென்றவர்கள் அவர்களே. ‘சர்’ பட்டம் சகோதரர் இருவருக்கே கிடைத்தது. ஆயினும் ஆஸ்திரேலிய அரசு அளித்த 10,000 பவுன் பரிசை நால்வரும் சமமாகப் பகிர்ந்துகொண்டனர்.

உலகை வலம்வர எண்ணிய ராஸ் ஸ்மித், அதற்குரிய விமானத்தை 1922 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தில் சோதித்தார். அது விழுந்து நொறுங்கியது. அவருடன் மாண்டவர் பென்னட். ஓட்டியின் பெயரை உலகம் அறியும்; நம் திடலில் அவரைக் காத்தவரையும் நாம் நினைவுகூர்தல் தகும்.