'வெற்றி' என்னும் சொல்: திருச்சபை வரலாற்றில் அதன் பொருளும் வழக்கும்

நம்முடைய ஜெபங்களிலும் பிரசங்கங்களிலும் 'ஜெயம்', 'வெற்றி' என்னும் சொற்கள் இடைவிடாது ஒலிக்கின்றன. நோய் நீங்கியதும் வெற்றி. தேர்வில் தேறியதும் வெற்றி. சபைத் தேர்தலில் ஒரு சாரார் மேலோங்கியதும் வெற்றியே. ஒரு சொல் இத்தனை பொருள்களைச் சுமக்கும்போது, திருமறை அதற்கு அளித்த பொருள் மறைந்துபோகக்கூடும். ஆகவே அச்சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

திருமறையில்

பழைய ஏற்பாட்டில் வெற்றியைக் குறிக்கும் எபிரெயச் சொற்களுள் 'தெஷூவா' ஒன்று. மீட்பு என்பதும் அதன் பொருளே. 2 சாமுவேல் 19:2இல் நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'ஜெயம்' என்றே தருகிறது. அப்சலோமின் சாவினால் அந்த ஜெயம் துக்கமாய் மாறியதை அவ்வசனம் கூறுகிறது. போர்க்களத்தில் வென்றவர் அனைவரும் மகிழ்வதில்லை என்பதைத் திருமறை மறைக்கவில்லை.

புதிய ஏற்பாட்டில் 'நிக்கே' என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல் 1 யோவான் 5:4இல் மட்டுமே வருகிறது. அங்கே விசுவாசமே வெற்றி எனப்படுகிறது. அதன் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வரும் இடங்களுள் பாதிக்கு மேற்பட்டவை வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ளன. அந்நூல் இவ்வினையை இரு எதிர்த் தரப்பாருக்கும் வழங்குகிறது. 11:7, 13:7 ஆகிய வசனங்களில் மிருகம் பரிசுத்தவான்களை ஜெயங்கொள்ளுகிறது. 12:11இல் அதே பரிசுத்தவான்கள், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியினாலும் ஜெயிக்கிறார்கள். உலகம் தோல்வி என்று எழுதியதையே பரலோகம் வெற்றி என்று வாசிக்கிறது. இதற்குத் திறவுகோல் 5ஆம் அதிகாரம். ஜெயங்கொண்ட சிங்கம் என்று கேட்ட யோவான் திரும்பிப் பார்க்கையில், அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியையே காண்கிறார்.

ரோமப் பேரரசில்

இப்பொருளின் புதுமையை உணர, அன்றைய வழக்கை அறிய வேண்டும். கிரேக்கருக்கு 'நிக்கே' ஒரு தேவதை; ரோமர் அவளை 'விக்டோரியா' என்றனர். அகுஸ்து கி.மு. 29இல் அவளுடைய சிலையையும் பலிபீடத்தையும் ரோமச் செனட் மண்டபத்தில் நிறுவினார். செனட்டர்கள் அங்கே தூபமிட்டனர். வெற்றி என்பது பேரரசின் வாளுக்கு வானம் அளித்த சான்றாகக் கருதப்பட்டது.

கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் இரத்தசாட்சியாய் மரித்த பெர்பெத்துவா, சிறையில் எழுதிய குறிப்பில், அரங்கில் ஓர் எகிப்தியனோடு போரிட்டு வென்றதாகத் தாம் கண்ட தரிசனத்தை விவரிக்கிறார். தாம் எதிர்ப்பது விலங்குகளையன்று, பிசாசையே என்று அதற்குப் பொருள் கொள்கிறார். சாகப்போகும் ஓர் இளந்தாய் தம்மை வென்றவளாக அறிகிறார்.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கான்ஸ்டன்டைன் 312இல் மில்வியன் பாலத்தருகே வென்றார். சிலுவை அடையாளத்தால் வெல்லுமாறு அவர் பணிக்கப்பட்டதாக யூசேபியு எழுதினார். 324இல் லிசினியுவை முறியடித்தபின் மன்னர் 'விக்டர்', அதாவது வெற்றியாளர், என்னும் பட்டத்தை மேற்கொண்டார். 382இல் கிராசியன் வெற்றித் தேவதையின் பலிபீடத்தை அகற்றினார். அதனைத் திரும்ப வைக்குமாறு 384இல் சிம்மாக்கு விண்ணப்பித்தபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து வென்றார். தேவதை வெளியேறினாள். ஆனால் அவளுடைய வெற்றிக் கருத்தும் வெளியேறியதா? 388இல், யூப்ரத்தீஸ் நதிக்கரையிலுள்ள கல்லினிக்கம் நகரில் கிறிஸ்தவர்கள் யூத ஜெபாலயத்தை எரித்தனர். அதனை ஆயர் மீண்டும் கட்டித்தர வேண்டுமென்று தியோடோசியு ஆணையிட்டார். அதே அம்புரோஸ் பேரரசனை நெருக்கி அவ்வாணையைக் கைவிடச் செய்தார். இதையும் திருச்சபையின் வெற்றி என்று அன்று கருதியவர் உண்டு. 532இல் கான்ஸ்டான்டிநோபிளின் தேரோட்ட அரங்கில் 'நிக்கா', அதாவது 'வெல்க', என்று முழங்கிய கலகக் கூட்டத்தாருள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகப் புரோக்கோப்பியு கூறுகிறார். கொன்றவரும் மாண்டவரும் ஒரு கிறிஸ்தவப் பேரரசின் குடிகளே.

தமிழிலும் இறையியலிலும்

'ஜெயம்' வடமொழிவழி வந்தது. 'வாகை' தமிழ்ச் சொல். தொல்காப்பியர் வாகைத்திணையைப் போர்வெற்றியோடு நிறுத்தவில்லை. அரசர் மட்டுமன்றி, தவம் செய்வோர் முதலியோரும் தத்தம் நெறியில் மேம்படுவதை அத்திணையில் அடக்கினார். வாளேந்தாதவனுக்கும் வாகை உண்டு என்னும் இம்மரபு நம் போதகர்களுக்கு நல்லதொரு துணை.

1930இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் அவுலேன், கிறிஸ்துவின் மீட்பைப் பாவம், மரணம், பிசாசு ஆகியவற்றின்மேல் கொண்ட வெற்றியாக விளக்கும் பண்டைக் கோட்பாட்டை இறையியலுலகின் கவனத்திற்கு மீண்டும் கொணர்ந்தார். இங்கே தோற்கடிக்கப்படுபவர் மனிதர் அல்லர் என்பது குறிக்கத்தக்கது.

எனவே பிரசங்கபீடத்தில் 'ஜெயம்' என்று உரைக்குமுன் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வென்றவர் யார்? தோற்றவர் யார்? தோற்றவர் நம் அயலாராயின், நாம் பேசுவது விக்டோரியாவின் மொழி. அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியின் மொழியன்று.